கலுங்கில் கட்டும் வலை

புரட்டாசி கடைசியில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் என்னிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சார், இந்த வருசம் மழை அடிச்சா கரை தாங்குமா?" நான் கரையைப் பார்ப்பதற்கு முன்னால் கலுங்கைத்தான், அதாவது கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தைத்தான் போய்ப் பார்ப்பேன்.

கண்மாய்க் கரை என்பது ஒரு மண் அணை. ஒரு பக்கம் தண்ணீர் அழுத்திக்கொண்டு நிற்பதை அது பல தலைமுறை தாங்கும். ஆனால் தலைக்கு மேல் தண்ணீர் வழிவதைச் சில மணி நேரம்கூடத் தாங்காது. வழிகிற தண்ணீர் வெளிச்சரிவை அடியிலிருந்து அரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரையின் தலைவரைக்கும் வந்துவிடும். மிச்சமிருக்கும் மண்ணைக் கண்மாய்த் தண்ணீரே தள்ளிவிடும். இந்த நிலை வராமல் காப்பது கலுங்கு ஒன்றுதான்.

அந்தக் கலுங்கை நாம் என்ன செய்கிறோம்? மழை பத்தாத வருடங்களின் பயத்தில், ஒரு அடி தண்ணீர் கூட நிற்கட்டும் என்று ஆயக்கட்டுக்காரர்கள் (கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்கள்) மணல் மூட்டை அடுக்குகிறார்கள். மீன் குத்தகை எடுத்தவர், குஞ்சு வெளியேறாமல் இருக்க வலை கட்டுகிறார். வெள்ளத்தில் வரும் ஆகாயத்தாமரையும் கருவேல முள்ளும் வலையில் அப்பிக்கொண்டால் அது வலை இல்லை, சுவர்.

ஒரு சின்னக் கணக்கு. கலுங்கின் நீளம் 20 மீட்டர், அதன் மட்டத்துக்கும் கரையின் தலைக்கும் இடையே 1.2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். கரை வழியும் நிலைக்கு வருமுன் இந்தக் கலுங்கு நொடிக்குச் சுமார் 45 கனமீட்டர் தண்ணீரை வெளியே விடும். இப்போது 60 செ.மீ. உயரத்துக்கு மூட்டை அடுக்குங்கள். பாதி உயரம்தானே போனது, பாதித் தண்ணீராவது போகும் என்று தோன்றும். போகாது. சுமார் 16 கனமீட்டர்தான் போகும், மூன்றில் ஒரு பங்கு சொச்சம். மீதி கரைக்கு மேல்தான் வழி தேடும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணையில் இதே கதை நடந்திருக்கிறது. பணக்காரர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று அதை வாங்கி, மீன் தப்பாமல் இருக்க வழிந்தோடியில் கம்பித் தட்டி போட்டது. வண்டி போகத் தோதாகக் கரையின் தலையையும் குறைத்தது. 1889 மே 31 அன்று கனமழையில் கரை வழிந்து உடைந்து, கீழே ஜான்ஸ்டவுன் நகரில் 2,200 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் கண்மாய் அந்த அளவு பெரிதில்லை, சரி. ஆனால் நம் கண்மாய்கள் சங்கிலியாக இருக்கின்றன. மேல் கண்மாய் உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் அடுத்த கண்மாய்க்குப் போகும். அதன் கலுங்கு அதற்காகக் கட்டப்பட்டது இல்லை.

வரத்தும் மாறிவிட்டது. 5 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 10 செ.மீ. மழை என்றால் 5 லட்சம் கனமீட்டர் தண்ணீர். முன்பு அதில் கணிசமான பங்கு பொட்டலிலும் புஞ்சையிலும் ஊறி, மெதுவாக வந்து சேரும். இன்று அங்கே பிளாட் போட்டுச் சிமென்ட் ரோடும் போட்டாயிற்று. அதே மழை கூடுதலாகவும் வேகமாகவும் வருகிறது. கலுங்கோ தாத்தா காலத்து நீளம்தான்.

அடுத்தது கசிவு. கசிவு இல்லாத மண்கரை கிடையாது. வெளிச்சரிவின் அடியில் தெளிந்த தண்ணீர் சீராகக் கசிந்தால் ஒரு குச்சி நட்டுத் தினமும் பார்த்துவந்தால் போதும். அது கலங்கலாக மாறினால்தான் ஆபத்து. கரைக்குள்ளிருந்து மண் வெளியே வருகிறது, உள்ளே குழாய் போல ஓட்டை வளர்கிறது என்று பொருள். பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையின் கட்டுமானமும் மண்ணும் சேரும் இடத்தில் இது அதிகம். மக்கிப்போன கருவேல வேர், எலி வளை, நண்டு வளை எல்லாம் இதற்குப் பாதை போட்டுக் கொடுக்கும். (2019 ஜூலையில் மகாராஷ்டிராவின் திவரே அணை உடைந்தபோது, நண்டுதான் காரணம் என்றார் ஓர் அமைச்சர். கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். வளை தோண்டியது நண்டாகவே இருக்கட்டும், அடைக்க வேண்டியது யார்?)

கலங்கல் கசிவைக் கண்டதும் வெளியே களிமண்ணை அப்பி அடைப்பதுதான் எல்லாருடைய முதல் வேலை. அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் பக்கத்தில் வேறு இடத்தைப் பிளந்துகொண்டு வரும். கசிவின் மேல் முதலில் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி என்று போட்டால் தண்ணீர் வரும், மண் வராது. கூடவே மடையைத் திறந்து மட்டத்தை இறக்க வேண்டும். கரையை வெட்டிவிடலாம் என்று யாராவது மண்வெட்டியோடு கிளம்பினால் தடுத்துவிடுங்கள். ஒரு அடி வெட்டு யார் கைக்கும் அடங்காத உடைப்பாகப் பெருகிவிடும்.

வண்டல் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் பக்கத்தில், கரையின் காலடியில் தோண்டாதீர்கள். அங்கே படிந்திருக்கும் வண்டல்தான் கசிவைத் தடுக்கும் போர்வை. மழைக்கு முந்தின வாரம் ஜேசிபியை விட்டுக் கரையில் நிற்கும் பெரிய கருவேலத்தை வேரோடு பிடுங்குவதும் அப்படித்தான். பிடுங்கினால் அந்தக் குழியை அரையடி அரையடியாக மண் போட்டு, நனைத்து, இடித்து மூட வேண்டும். அதற்குப் பங்குனி, சித்திரைதான் தோதான காலம்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சிலவற்றுக்கும்தான். நம் பக்கத்துக் கரைகள் அந்த உயரத்தை எட்டாதவை. சட்டப்படி ஆய்வுக்கு யாரும் வரப்போவதில்லை. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் எழுதிக் கொடுங்கள். கலுங்கில் வலையோ மூட்டையோ இருக்கக்கூடாது என்பதைக் குத்தகை ஏலத்தின்போதே நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மழை இரவில் கரை நடக்க இரண்டு பேர், கையில் டார்ச், போனில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, அப்புறம் கீழ்க் கண்மாய் ஊரில் யாராவது ஒருவருடைய எண்.