ஒரு விரலால் தூக்க முடிகிற டிரெய்லரைச் சாலையில் இறக்காதீர்கள்

இந்த ஆண்டில் இது மூன்றாவது வண்டி. வாடிப்பட்டிக்கும் சமயநல்லூருக்கும் நடுவே நான்குவழிச் சாலையில் குடை சாய்ந்து, கிரேனில் ஏறி, கப்பலூரில் இருக்கும் என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. ஜீப்பின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய வீட்டு டிரெய்லர். உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை. ஓட்டி வந்த தம்பிக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஜீப்பில் உடன் வந்த அவருடைய அம்மாவும் குழந்தையும் காயமில்லாமல் தப்பினார்கள்.

கட்டுப் போட்ட கையோடு வந்து நின்று அவர் கேட்டார்: “அண்ணே, எடையைப் பகிர்கிற கொக்கியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் போட்டிருந்தேனே, பிறகு எப்படி ஆடியது?”

இதே கேள்வியை இதற்கு முன் வந்த இரண்டு பேரும் கேட்டார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

டிரெய்லரைச் சரிசெய்யத் தொடங்கும் முன், தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, பொருட்களைப் பழைய இடத்திலேயே வைத்து நிறுத்துப் பார்த்தேன். மொத்தம் 1,180 கிலோ. ஜீப்போடு பூட்டும் கப்ளிங் இருக்கும் மூக்குப் பகுதியில் இறங்கிய எடை வெறும் 35 கிலோ. நூற்றுக்கு மூன்று பங்குகூட முழுதாக இல்லை. இருந்திருக்க வேண்டியது பத்திலிருந்து பதினைந்து பங்கு, அதாவது 118 முதல் 177 கிலோ வரை. 150 லிட்டர் தொட்டி பின்சுவரை ஒட்டி இருந்தது. ஸ்டெப்னி அதற்கும் பின்னால் தொங்கியது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதைத் தொட்டியை அங்கே வைத்தவர் நினைத்துப் பார்க்கவே இல்லை.

“ஒரு விரலால் மூக்கைத் தூக்கிவிடலாம், அவ்வளவு சமமாகக் கட்டியிருக்கிறார்கள்” என்று தம்பி பெருமையாகச் சொன்னார். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். வண்டி கட்டித் தருகிறவர்களும் இதையே சொல்லி விற்கிறார்கள். கையால் தள்ளி நிறுத்தும் தள்ளுவண்டிக்கு அந்தச் சமநிலை நல்லது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இழுபடும் டிரெய்லருக்கு அது எமன். மூக்கில் பாரம் இல்லாவிட்டால் பின்பகுதிதான் வண்டியை ஆட்டிவைக்கும். ஒரு பஸ் பக்கத்தில் கடந்து போகும் காற்று போதும். வால் ஒரு பக்கம் வீசும், மறுபக்கம் அதைவிட அதிகமாக வீசும், மூன்றாவது வீச்சில் ஜீப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

இது புதிய ஞானம் இல்லை. என் தாத்தா சோழவந்தான் பக்கம் நெல் மூட்டை ஏற்றிய வண்டிக்காரர். கடைசி மூட்டை ஏறியதும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். லேசாக எழுந்தால், “பின்பாரம், ஒன்றை முன்னால் தள்ளு” என்பார். பின்பாரமான வண்டி மேடேறும்போது நுகம் மேலெழுந்து பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் மிஞ்சினால் பிடரி புண்ணாகும். நுகத்தில் அளவான பாரம் எப்போதும் இருந்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மாட்டுக்குப் பதிலாக டீசல் ஜீப்பைப் பூட்டியவுடன் நாம் அதை மறந்துவிட்டோம். கப்ளிங்கில் இறங்கும் எடைக்கு நான் முன்பாரம் என்றே சொல்கிறேன்.

முன்பாரத்தை அளப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு போதும். சமதளத்தில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, தராசின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, இழுக்கும்போது இருக்கும் உயரத்திலேயே கப்ளிங்கை அதன்மேல் இறக்குங்கள். தொட்டி நிறைந்து, சிலிண்டர் மாட்டி, பயணத்துக்குப் போகிற அதே கோலத்தில் நிறுக்க வேண்டும். காலி வண்டியை நிறுத்துவிட்டு என்னிடம் கணக்குச் சொல்லாதீர்கள்.

இப்போது கொக்கிக்கு வருகிறேன். இழுக்கும் வண்டியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே 2,750 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கப்ளிங் உட்காரும் உருண்டையான குமிழ், பின்னச்சுக்கு 1,100 மி.மீ. பின்னால் இருக்கிறது. 150 கிலோ முன்பாரத்தைக் குமிழில் இறக்கினால் பின்னச்சில் கூடுவது 150 அல்ல, 210. முன்னச்சிலிருந்து 60 கிலோ எழும்பிவிடும். ஸ்டீயரிங் பிடிக்காது, முன்பிரேக் வலுவிழக்கும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். எடையைப் பகிர்கிற கொக்கியிலிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு ஸ்பிரிங் பார்கள், டிரெய்லர் சட்டத்தோடு சங்கிலியால் மேலே இறுக்கப்படும்போது, அந்தப் பாரத்தில் ஒரு பகுதியை முன்னச்சுக்கும் ஒரு பகுதியை டிரெய்லர் அச்சுக்கும் நெம்பி அனுப்புகின்றன. அது செய்யும் வேலை அவ்வளவுதான். ஒரு கிலோவைக்கூட அது குறைக்காது. வண்டியின் இழுவைத் திறனைக் கூட்டாது. இல்லாத முன்பாரத்தை உண்டாக்காது. முப்பத்தைந்து கிலோவில் பகிர்வதற்கு என்ன இருக்கிறது?

வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியின் கையேட்டைத் திறந்து பாருங்கள். சில நிறுவனங்கள் இந்தக் கொக்கியே கூடாது என்று எழுதியிருக்கும். எழுந்த முன்பகுதியில் எவ்வளவைத் திரும்ப இறக்க வேண்டும் என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். பாதி போதும் என்பவை உண்டு, முழுவதும் என்பவையும் உண்டு. பார்களை முன்பாரத்துக்கு ஏற்ற தரத்தில் எடுங்கள். ஜீப்பின் பின்னச்சுக்கு அப்பால் டிக்கியில் அடுக்கும் சாமானையும் அந்தக் கணக்கில் சேருங்கள். பெரியதாகவே இருக்கட்டும் என்று வாங்கிவந்த பார்கள் வளைந்து கொடுக்காமல், ஒவ்வொரு வேகத்தடையிலும் சட்டத்தைக் குத்திக் குத்தி வெல்டிங்கைப் பிளந்ததைப் பார்த்திருக்கிறேன். வாசல் கேட்டுக்கு அடிக்கும் மெல்லிய பெட்டிக் குழாயில் மூக்குச் சட்டம் கட்டியிருந்தால் இந்தக் கொக்கியை நினைக்கவே வேண்டாம்.

வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளுவதால் தானாகப் பிடிக்கும் பிரேக் உங்கள் கப்ளிங்கில் இருந்தால் இன்னும் கவனம். அது வேலை செய்யக் கப்ளிங் முன்னும் பின்னும் நகர வேண்டும். இறுக்கிக் கட்டிய பார்கள் அதைத் தடுக்கக்கூடும். இரண்டும் ஒத்துப்போகும் என்று தயாரிப்பாளரே எழுதித் தந்தால் ஒழிய மாட்டாதீர்கள்.

குமிழ் அளவு பற்றி ஒரு வார்த்தை. 50 மி.மீ. என்பது ஐரோப்பிய அளவு. அமெரிக்காவின் இரண்டு அங்குலம் 50.8 மி.மீ.; அவர்களுடைய பெரிய குமிழ் 58.7 மி.மீ. பெரிய கப்ளிங்கைச் சின்னக் குமிழில் வைத்தால் பூட்டியது போலத்தான் தெரியும். முதல் பள்ளத்தில் கழன்றுவிடும். குமிழின் தலையில் அளவு பொறித்திருக்கிறார்கள், குனிந்து படியுங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள்.

பொருத்தும்போது சமதளத்தில் முன்சக்கர வளைவின் உயரத்தை மூன்று முறை அளக்க வேண்டும். ஜீப் தனியாக நிற்கையில் 80 செ.மீ., டிரெய்லரை மாட்டியதும் 83 என்றால், பார்களை இறுக்கியபின் கையேடு சொல்கிற அளவுக்கு இறங்க வேண்டும். 80க்குக் கீழே போனால் மிகையாக இறுக்கிவிட்டீர்கள். கழற்றும்போது தயவுசெய்து பாரை விடுவிக்கும் நெம்புகோலுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். கப்ளிங்கைக் குமிழோடு சேர்த்தே ஜாக்கியால் உயர்த்தி, விறைப்பைக் குறைத்துவிட்டுத்தான் பாரைத் தொட வேண்டும். அந்த நெம்புகோல் தெறித்துப் பல் உடைந்த ஒருவரை எனக்குத் தெரியும். கண்மாய்க் கரை போல் சட்டென ஏறி இறங்கும் இடங்களில் பார்களைக் கழற்றிவிட்டே போங்கள்.

ஆட ஆரம்பித்துவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். ஜீப்பின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். டிரெய்லருக்குத் தனியாக மின்பிரேக் இருந்தால் அதை மட்டும் மெல்லக் கொடுங்கள். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள்.

பதிவு செய்யாமல் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே சொல்கிறது. பதிவு செய்யுங்கள்.

ஓடுகிற டிரெய்லருக்குள் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். வாடிப்பட்டியில் அந்தக் குழந்தை ஜீப்பில் இருந்தது. டிரெய்லரின் கட்டில் பலகை கூரையில் கிடந்தது.

தம்பியின் தொட்டியை அச்சுக்கு நேர் மேலே மாற்றிவிட்டேன். இனி தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் மூக்கில் பெரிய மாற்றம் இராது. ஸ்டெப்னி மூக்குச் சட்டத்துக்கு வந்துவிட்டது. முன்பாரம் இப்போது 145 கிலோ. கொக்கியை இன்னும் மாட்டவில்லை. ஜீப்பின் கையேட்டை எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.