பனி கொட்டும் நாளில் ஐபேட் வகுப்பு தேவையா?

பனிப்புயல் எச்சரிக்கை வந்த ராத்திரி இங்கே மினசோட்டாவில் பிள்ளைகள் பைஜாமாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்குவார்கள். தலையணைக்கு அடியில் ஒரு ஸ்பூன் வைப்பார்கள். ஐஸ் கட்டிகளை டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்வதும் உண்டு. இதெல்லாம் செய்தால் விடிந்ததும் பள்ளிக்கூடம் லீவு என்பது அமெரிக்கப் பிள்ளைகளின் ஐதீகம். இப்போது பல பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள் இவை) இந்த வேண்டுதல் பாதிதான் பலிக்கிறது. கட்டடம் மூடியிருக்கும், பஸ் வராது. ஆனால் விடிவதற்கு முன்பே வந்துவிடும் குறுஞ்செய்தியில் ‘இன்று ஈ-லேர்னிங் டே’, அதாவது வீட்டிலிருந்தே இணையத்தில் பாடம் என்று இருக்கும்.

நான் ஒரு பள்ளி மாவட்டத்தில் பேச்சு, மொழி சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் கிண்டர்கார்டன் முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள். குளிர்காலம் தொடங்கினால் தமிழ்ப் பெற்றோர்கள் என்னிடம் இரண்டு விதமாகக் கேட்பார்கள். “கையில்தான் ஐபேட் கொடுத்திருக்கிறார்களே, அப்புறம் எதற்கு லீவு விட்டு நாளை வீணாக்குகிறார்கள்?” என்பது ஒன்று. “நாங்கள் ரெண்டு பேருமே வேலையில் இருக்கிறோம், அஞ்சு வயசுப் பையனை எப்படித் திரை முன்னால் உட்கார வைப்பது?” என்பது இன்னொன்று. என் பதில் இரண்டாவது கேள்வியின் பக்கம்தான் சாய்கிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு குளிர்காலத்தின் முதல் சில பனி நாட்கள் உண்மையான லீவாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 2014 ஜனவரி 6 அன்று கடுங்குளிருக்காக அப்போதைய ஆளுநர் மார்க் டேட்டன் மினசோட்டா முழுக்கப் பள்ளிகளை மூடினார். அதன் பிறகு 2017இல் வந்த சட்டம், ஒரு கல்வியாண்டில் ஐந்து நாள் வரை ஈ-லேர்னிங் நாளாக அறிவித்துக் கல்வி நாள் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாவட்டங்களுக்கு அனுமதி தந்தது. பள்ளி தொடங்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். பள்ளி நேரம் முழுக்க ஆசிரியர் இணையத்திலும் போனிலும் கிடைக்க வேண்டும். இணையமோ கருவியோ இல்லாத பிள்ளைகளுக்கு மாற்று ஏற்பாடு இருக்க வேண்டும். 2019 ஜனவரி கடைசியில் துருவச் சுழல் எனும் வடதுருவக் கடுங்குளிர் காற்று இறங்கி மினியாபொலிஸில் வெப்பநிலை மைனஸ் 28 ஃபாரன்ஹீட்டுக்குப் போனது. நம் கணக்கில் மைனஸ் 33 செல்சியஸ். பல மாவட்டங்கள் நாள் கணக்கில் மூடிக் கிடந்தன. இழந்த நாட்களை நடந்ததாகவே கணக்கு வைத்துக்கொள்ள அந்த வசந்தத்தில் சட்டமன்றமே தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகளிடம் கருவி வந்துவிட்டது, ஆசிரியர்களுக்கும் பழகிவிட்டது. அதனால் ஈ-லேர்னிங் மாவட்டங்களுக்குக் கைக்கெட்டும் தீர்வாகிவிட்டது.

மற்ற மாநிலங்களும் சும்மா இல்லை. பென்சில்வேனியாவில் 2019 சட்டப்படி ஆண்டுக்கு ஐந்து நாள், வர்ஜீனியாவில் பத்து நாள். ஆனால் நியூ ஜெர்சி பிடிவாதமாக இருக்கிறது. அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டு மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்து மூட நேர்ந்தால்தான் வீட்டிலிருந்து படித்த நாள், ஆண்டுக்குக் கட்டாயமான 180 பள்ளி நாள் கணக்கில் சேரும். சாதாரணப் பனி நாளுக்கு அது செல்லாது, ஜூனில் ஈடுகட்டியாக வேண்டும். நம் ஊரில் கலெக்டர் மழை லீவு விட்டுவிட்டுச் சனிக்கிழமை பள்ளி வைப்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

இந்தச் சட்டங்கள் எல்லாமே நாள் கணக்கைக் காப்பாற்றுவதற்காக வந்தவை. பிள்ளை அன்று என்ன கற்றுக்கொண்டது என்று அவை கேட்பதில்லை.

சரி, பனி லீவால் படிப்பு உண்மையில் கெடுகிறதா? ஹார்வர்டில் இருந்த பொருளாதார ஆய்வாளர் ஜோஷுவா குட்மன் 2014இல் மாசசூசெட்ஸ் மாணவர்களின் தரவுகளை வைத்து இதை ஆராய்ந்தார். பனிக்காகப் பள்ளி மொத்தமாக மூடப்பட்ட நாட்களால் மதிப்பெண்ணில் பாதிப்பு தெரியவில்லை. பள்ளி திறந்திருந்தும் பிள்ளைகள் வராமல் போன நாட்களால் பாதிப்பு தெரிந்தது. காரணம் எந்த ஆசிரியருக்கும் புரியும். எல்லாரும் ஒன்றாக நின்றுபோனால் விட்ட இடத்திலிருந்து எல்லாருக்கும் சேர்த்துத் தொடங்கலாம். பாதிப் பேர் மட்டும் விட்டுப்போனால்தான் சிக்கல். வந்தவர்களுக்கு மறுபடி நடத்தினால் அவர்கள் நேரம் போகிறது, நடத்தாமல் விட்டால் வராதவர்கள் பின்தங்குகிறார்கள்.

எதிர்த் தரப்பிலும் ஆதாரம் உண்டு. மேரிலாந்தில் டேவ் மார்காட்டும் ஸ்டீவன் ஹெமெல்ட்டும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்கு முன் பனிக்காகப் பல நாள் மூட நேர்ந்த ஆண்டுகளில் தேர்ச்சி குறைந்தது தெரிந்தது. அதுவும் குறிப்பாகச் சின்ன வகுப்புகளில். இதை நான் ஒதுக்கிவிடவில்லை. ஒரே குளிர்காலத்தில் ஏழெட்டு நாள் போனால் அது விளையாட்டுக் காரியமில்லை. ஆனால் அந்த ஆய்வு லீவை ஈ-லேர்னிங்கோடு ஒப்பிடவில்லை. ஆரம்ப வகுப்புகளில் ஈ-லேர்னிங் நாள் எப்படி நடக்கிறது என்று பார்த்தால், குட்மன் சொன்ன சிக்கலைத்தான் நாமே வருந்தி அழைத்துக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது.

கூட ஒரு பெரியவர் உட்கார முடிந்த வீட்டில் பாடம் நடக்கும், மற்ற வீடுகளில் நடக்காது. யார் வீட்டில் உட்கார முடியும்? நர்ஸ், கிடங்குத் தொழிலாளி, பனி அள்ளும் வண்டி ஓட்டுநர் எல்லாரும் அன்று வேலைக்குப் போயாக வேண்டும். பனி கொட்டினால் அவர்களுக்கு வேலை கூடும். வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஐ.டி. பெற்றோருக்கும் நிலைமை பெரிய வித்தியாசமில்லை. அப்பா ஒரு அறையில் டீம்ஸ் மீட்டிங், அம்மா இன்னொரு அறையில் மீட்டிங், சாப்பாட்டு மேஜையில் கிண்டர்கார்டன் பிள்ளை. வருகைப் பதிவுக்கு அன்று ஒரு வேலையை முடித்துப் படமோ குரல்பதிவோ ஏற்றினால் போதும். என்னிடம் வரும் பிள்ளைகள் ஸீஸா என்ற பள்ளிச் செயலியில் ஏற்றும் பதிவுகளைக் கேட்பேன். பின்னணியில் “சொல்லுடா... டே-பிள்... அம்மா மாதிரி சொல்லு, சீக்கிரம்” என்று ஒரு கிசுகிசுப்பு தவறாமல் இருக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த அம்மாவுக்கு அடுத்த மீட்டிங் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவை வைத்து அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று என்னால் சொல்ல முடியாது. கணக்கில் அன்று எல்லாரும் வந்திருப்பார்கள். மறுநாள் வகுப்பறையில் பாதிப் பேருக்குப் பாடம் நடந்திருக்கும், பாதிப் பேருக்கு நடந்திருக்காது.

என் துறையில் இன்னொரு தொழில்நுட்பத் தொல்லையும் உண்டு. ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற ஒலிகளின் அடையாளம் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. சாதாரண மைக்கும், இரைச்சலை நீக்கும் வீடியோ மென்பொருளும் அந்த ஒலியைத்தான் இரைச்சல் என்று நினைத்து மழுங்கடிக்கின்றன. நாக்கு பல்லுக்கு நடுவே வருகிறதா, பின்னால் நிற்கிறதா என்பது மங்கலான கேமராவில் தெரிவதில்லை. இதற்காக இணையவழிச் சிகிச்சையே கூடாது என்று சொல்லிவிடாதீர்கள். முன்கூட்டித் திட்டமிட்டு, நல்ல ஹெட்செட்டோடு, பிள்ளையின் பக்கத்தில் பழகிய ஒரு பெரியவரும் இருந்தால் அது நன்றாகவே நடக்கிறது. தொலைவில் உள்ள ஊர்களுக்கு அதுதான் வழி. விடியற்காலையில் அறிவித்துவிட்டு ஒன்பது மணிக்குத் தொடங்கச் சொன்னால் மட்டும் நடக்காது.

சாப்பாட்டையும் மறக்கக் கூடாது. பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் சாப்பிடும் பிள்ளைக்குக் கட்டடம் மூடினால், லீவு என்றாலும் ஈ-லேர்னிங் என்றாலும், தட்டு காலிதான். பனிப்புயலில் கரண்ட் போனால் ஐபேடுக்கும் அதே கதி.

பெரிய பிள்ளைகள் விஷயம் வேறு. பத்து, பதினொன்றாம் வகுப்பில் இருப்பவர்கள் தாங்களாகவே உள்ளே நுழைந்து படிப்பார்கள். கல்லூரி அளவுப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வு நாடு முழுக்க மே மாதத்தில் நடக்கிறது. பனி கொட்டியது என்று மினசோட்டாவுக்காக யாரும் தள்ளி வைப்பதில்லை. அவர்களுக்கு ஈ-லேர்னிங் பயனுள்ளதுதான். அதனால் மாவட்டம் முழுமைக்கும் ஒரே முடிவு என்பதை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். உயர்நிலைப் பள்ளிக்கு முதல் நாளிலிருந்தே இணைய வகுப்பு இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முதல் மூன்று நாள் லீவு, அதற்கு மேல் போனால் காகிதத்தில் செய்யக்கூடிய பயிற்சிகளோடு சின்ன வகுப்பு, அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல். மாநிலம் நாள் கணக்கோடு மணிநேரக் கணக்கும் கேட்கிறது: ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 935 மணி நேரம், ஏழு முதல் பன்னிரண்டு வரை 1,020. பல மாவட்டங்கள் இதைவிடக் கூடுதலாகவே வைத்து நாட்காட்டி போடுகின்றன. இரண்டு மூன்று நாள் போனால் குடி முழுகிவிடாது.

எல்லாரையும் ஒரே காலையில் இணையத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதை 2024 பிப்ரவரி 13 அன்று நியூயார்க் நகரம் பார்த்தது. பனிப்புயலுக்காகப் பள்ளிகள் இணையத்துக்கு மாறின, ஆனால் காலையில் இணையத்தில் லாகின் செய்யும் முறையே திணறி நின்றது. அப்போதைய பள்ளித் துறைத் தலைவர் டேவிட் பேங்க்ஸ், லாகின் சேவை தந்த ஐ.பி.எம். தயாராக இல்லை என்று குறை சொன்னார். சென்ட்ரல் பார்க்கில் அன்று விழுந்த பனி 3.2 அங்குலம். எங்கள் ஊரில் அதற்குப் பஸ் வழக்கம் போல் ஓடும்.

லீவு கிடைத்தால் பிள்ளை என்ன செய்யும் என்ற பயம் நம்மவர்களுக்கு அதிகம். என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைக்கு அன்று வீட்டில் கிடைக்கும் பேச்சுப் பயிற்சி, திரையில் கிடைப்பதைவிட மேலானது. முதலில் ஸ்னோ பேன்ட், அப்புறம் பூட்ஸ், அப்புறம் ஜாக்கெட், கடைசியாகக் கையுறை. இந்த வரிசையைச் சொல்லவைத்தாலே முன், பின், பிறகு, ஏன் எல்லாம் வந்துவிடும். வாசல் பனியை அள்ளும்போது பிள்ளையிடமும் ஒரு சின்ன ஷவலைக் கொடுங்கள். தமிழிலேயே பேசுங்கள். வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலம் தாமதப்படும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இரு மொழி பேச்சுக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை. கடுங்குளிருக்காக மூடிய நாளாக இருந்தால் மட்டும் வெளியே விடாதீர்கள். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 19 ஃபாரன்ஹீட் அளவுக்குப் போனால் திறந்திருக்கும் தோல் அரை மணி நேரத்தில் உறைந்து புண்ணாகலாம்.

பனி விழுவதற்கு முன், அக்டோபர் மாதப் பெற்றோர் சந்திப்பிலேயே சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். எத்தனை நாள் லீவு, எத்தனை நாள் ஈ-லேர்னிங்? வருகையை எப்படிக் குறிக்கிறார்கள்? கரண்ட் போனால், இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே கருவி என்றால், எத்தனை நாள் தள்ளி வேலையை ஏற்றலாம்? உங்கள் பிள்ளைக்கு ஐ.இ.பி. (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். அதில் பேச்சுச் சிகிச்சை, கைத்திறன் சிகிச்சை எல்லாம் நிமிடக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ஈ-லேர்னிங் நாளில் அந்த நிமிடங்கள் வீடியோவில் வருமா, பிறகு நேரில் ஈடுகட்டுவார்களா என்பதை வாய்வார்த்தையாக விடாமல் ஐ.இ.பி.யிலேயே எழுதச் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்களுக்கும் அதனால் நல்லதுதான், மறுநாள் காலை யாரை முதலில் அழைக்க வேண்டும் என்று தெரியும்.