குளம்பின் அடியில் வாழும் சிற்றுயிர்கள்

மேற்குக் கிரீன்லாந்தின் காங்கர்லுசுவாக் அருகே சில நிலத்துண்டுகளைச் சுற்றி 2002-இல் வேலி போட்டார்கள். சூழலியலாளர் எரிக் போஸ்ட் தொடங்கிய சோதனை இது. கரிபு மானும் கஸ்தூரி எருதும் வேலிக்கு வெளியே மேயும். உள்ளே வர முடியாது. சில ஆண்டுகளிலேயே உள்ளே குட்டை பிர்ச், வில்லோ புதர்கள் தழைத்துவிட்டன. வெளியே மேய்ச்சல் அவற்றை அடக்கியே வைத்திருந்தது.

எனக்கோ அந்தப் புதர்களின் அடிதான் முக்கியம். அங்கே ஓநாய்ச் சிலந்தி வாழ்கிறது. வலை பின்னாமல் தரையில் ஓடியே இரை பிடிக்கும். தாய்ச் சிலந்தி முட்டைப் பையை வயிற்றின் நுனியில் ஒட்டிச் சுமக்கிறது. வெயில் அடித்தால் வெளியே வந்து அந்தப் பையை வெயிலில் காட்டிச் சூடேற்றுகிறது. துருவக் கோடை சில வாரங்கள்தான். அதற்குள் குஞ்சு பொரித்தாக வேண்டும். தரையில் எவ்வளவு சூடு கிடைக்கிறது என்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை.

அந்தச் சூட்டை மாற்றுவதில் மேயும் விலங்குக்கும் பங்கு உண்டு. புதரைக் கடித்துக் குட்டையாக்கினால் வெயில் தரையைத் தொடும். குளம்பு மிதித்தால் தரையை மூடிய பாசி மெத்தை மெலியும். பாசி, மண்ணுக்குப் போர்த்திய கம்பளி போன்றது. கோடை வெப்பத்தை உள்ளே விடாது. அது மெலிந்த இடத்தில் மண் சூடேறுவதை நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

அதனால் மேய்ச்சல் எல்லாச் சிற்றுயிர்க்கும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. பாசியின் ஈரத்தை நம்பியிருக்கும் நுண்ணிய பூச்சிகளுக்கு அதே மிதி வீட்டை இடிக்கிறது. கிளைகளுக்கிடையே வலை கட்டும் சிலந்திக்கு உயரமான புதர் வேண்டும். இலை தின்னும் புழுவுக்கு மானே போட்டி. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த இடமாற்றம் கண்ணுக்கே தெரியாது. எந்த இனம் வந்தது, எது போனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மேயும் விலங்கின் உடலையே வீடாக்கிக்கொண்ட பூச்சியும் உண்டு. கரிபு மானின் ரோமத்தில் ஒரு வகை ஈ கோடையில் முட்டையிடுகிறது. பொரிந்த புழு தோலைத் துளைத்து, முதுகுத் தோலுக்கடியில் சேர்ந்து, மூச்சு விட ஒரு துளையும் வைத்துக்கொண்டு, வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும் குளிர்காலத்தை மானின் உடற்சூட்டில் கழிக்கிறது. குளிர் விலகியதும் அந்தத் துளை வழியே தரையில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது. சில வாரங்களில் ஈயாக எழுந்து அடுத்த மானைத் தேடிப் பறக்கிறது.