கொத்திய பிறகும் வெளியே வராத காடைக்குஞ்சு

இன்குபேட்டரில் பதினேழாம் நாள். புள்ளி போட்ட காடை முட்டையின் ஓட்டில் சிறு விரிசல் விழுந்து, உள்ளிருந்து அலகு நுனி தெரிகிறது. கீச்சென்று குரலும் கேட்கிறது. அதன்பின் மணிக்கணக்கில் அசைவே இல்லை. பெட்டி முன் உட்கார்ந்திருப்பவருக்குக் கை பரபரக்கும். ஓட்டை உரித்துவிட்டால் என்ன?

வளர்ப்பில் இருக்கும் ஜப்பானியக் காடை அடைகாக்கும் குணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. ஆகவே 37.5 டிகிரி வெப்பத்தில் 17, 18 நாள் அவயம் காப்பது இயந்திரத்தின் பொறுப்பு. முட்டையின் எடை சுமார் 10 கிராம்தான். அந்தச் சின்னக் கூட்டுக்குள் கடைசி இரண்டு நாளில் நடப்பது ஒரு பெரிய இடமாற்றம்.

அதுவரை குஞ்சு நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் படர்ந்திருக்கும் ரத்தநாளச் சவ்வுதான், ஓட்டின் நுண்துளைகள் வழியே ஆக்சிஜனை வாங்கிக் கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது. கரு வளர வளர இந்தக் காற்று போதாமல் போகிறது. கரியமில வாயு ஏறுகிறது. பின்கழுத்தில் புடைத்திருக்கும் தசை உதறத் தொடங்க, அலகு மேலெழும்பி முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் சவ்வைக் கிழித்து நுழைகிறது. முதல் மூச்சு இங்கேதான், ஓடு உடைவதற்கு முன்பே. அந்தக் காற்றும் கெடும்போது, அலகின் நுனியிலுள்ள வெள்ளைக் கூர்முனை ஓட்டைக் கொத்துகிறது.

கொத்திய பிறகு குஞ்சு சோர்ந்து கிடப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் சவ்வில் ஓடிக்கொண்டிருந்த ரத்தம் உடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மீந்த மஞ்சள் கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் போய்ச் சேருகிறது. வண்ணத்துப்பூச்சியின் கூட்டைக் கத்தரித்துவிட்ட கருணையாளர் கதையை வாட்ஸ்அப்பில் படித்திருப்பீர்கள். காடைக்கு அந்த நீதியெல்லாம் வேண்டாம். ரத்தநாளம் வற்றுவதற்குள் உரித்தால் குஞ்சு ரத்தம் கசிந்து செத்துப்போகும், அவ்வளவுதான்.

காத்திருப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. பொரியும் தறுவாயில் காடைக்குஞ்சுகள் ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்புகின்றன. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் முட்டைகளில் இந்த ஒலி பிந்திய குஞ்சுகளை விரைவுபடுத்துகிறது என்று 1960-களில் மார்கரெட் வின்ஸ் காட்டினார். எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக வெளிவருவது இதனால்தான்.

இதற்கு மேலும் ஒரு குஞ்சு மாட்டிக்கொண்டால், பெரும்பாலும் குற்றவாளி ஈரப்பதம். கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டியது, நாம் ஆவலில் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சரிகிறது. வெள்ளைச் சவ்வு பழுப்பேறித் தோல்போல் இறுகிக் குஞ்சைச் சுற்றிக்கொள்கிறது. அதன்பின் குஞ்சால் சுழல முடியாது. சுழலாமல் ஓட்டை வட்டமாக வெட்ட முடியாது.

கொத்தி ஒரு நாள் முழுதாகக் கடந்தும் வெட்டு நகராமல், சவ்வும் காய்ந்திருந்தால் மட்டும் கை வைக்கலாம். முதலில் தேவை தண்ணீர். வெதுவெதுப்பான நீரில் நனைத்த காது துடைக்கும் பஞ்சுக்குச்சியால் சவ்வைத் தொட்டால் அது கண்ணாடிபோல் தெளியும், நாளங்கள் தெரியும். சிவந்த இழைகள் தெரிந்தால் முட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சில மணி நேரம் மறந்துவிடுங்கள். தெரியாவிட்டால், காற்றறையின் மேலுள்ள ஓட்டை இடுக்கியால் சில்லுச் சில்லாக எடுக்கலாம். பஞ்சில் ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் அத்துடன் நிறுத்த வேண்டும். மூக்குத் துளைகளில் நீர் இறங்கக் கூடாது. தலையும் தோளும் விடுபட்டதும் கீழ்ப்பாதி ஓட்டை அப்படியே விட்டுவிடுங்கள். குஞ்சு வாயைத் திறந்து மூடி எதையோ மெல்வதுபோல் செய்தால், மஞ்சள் கரு இன்னும் உள்ளே போகவில்லை என்று கொள்ளலாம். மிச்சத்தை அது தானே உதைத்துத் தள்ளட்டும்.

ஒரு ஈட்டில் ஒன்றிரண்டு இப்படி ஆவது சகஜம். வரிசையாகப் பல மாட்டினால் ஈரப்பதமானியைச் சோதியுங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பைச் சேறுபோல் நனைத்து, மானியோடு காற்றுப் புகாத டப்பாவில் சில மணி நேரம் மூடி வையுங்கள். டப்பாவின் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மானி 85 காட்டினால், நீங்கள் 65 என்று நம்பியது சுமார் 55-தான்.