எஸ்டாம்பேஜ் – மைப்படி

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கத்து வரலாற்று மன்றங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கல்வெட்டுப் பயிற்சி கொடுப்பது நல்ல வழக்கம். அந்த அழைப்பிதழ்களில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘எஸ்டாம்பேஜ்’. கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி, மை ஒற்றி எடுக்கும் படிக்கு அந்தப் பெயர். பிரெஞ்சுச் சொல் இது. அழுத்திப் பதித்தல் என்பது அதன் வேர்ப்பொருள். ஆங்கிலேயர் காலக் கல்வெட்டுத் துறை வழியாக நம்மிடம் வந்து தங்கிவிட்டது.

தமிழில் இதற்கு மைப்படி என்ற பெயர் இருக்கிறது. துறைக்காரர்கள் எழுதுவதும் அதைத்தான். மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது செய்தித்தாள்களிலும் இந்தச் சொல் அடிபட்டது.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, எழுத்துப் பள்ளத்தில் அடைந்த எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணையும் எடுக்க வேண்டும். நனைத்த தாளைச் சுவரில் பரப்பி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழ் இல்லாமல் தூரிகையால் தட்டுவார்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கி உட்காரும். ஈரம் பாதி காய்ந்த பதத்தில், துணி சுற்றிய பஞ்சு உருண்டையில் மை தொட்டு மெதுவாக ஒற்ற வேண்டும். மேடான இடமெல்லாம் கறுப்பாகும். பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். மை தாளின் வெளிப்பக்கம்தான் படுகிறது, கல்லில் படுவதில்லை. அதனால் எழுத்து இடவலம் மாறாமல் நேராகவே வரும். இதை ‘அச்சு’ என்று சொல்வது சரியாகாததும் அதனால்தான்; அச்சுக்கட்டையில் மை தடவினால் எழுத்து திரும்பி விழும்.

அடுத்து ‘படி’. டெல்டாக்காரர்களுக்குப் படி என்றதும் நெல் அளக்கும் படிதான் முதலில் நினைவு வரும். ஒன்றைப் போலவே எழுதிய இன்னொன்று என்ற பொருளும் அதற்குப் பழையது. பெரியபுராணத்தில் சுந்தரர் கிழித்துப் போட்டது ‘படியோலை’தான், ‘மூல ஓலை’ தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் அவரைத் தன் அடிமை என்று ஓலை காட்டி வழக்காட வந்த முதியவர். 12ஆம் நூற்றாண்டிலேயே மூலம் வேறு, படி வேறு என்று பிரித்துச் சொல்லத் தமிழில் சொல் இருந்திருக்கிறது. ‘நகல்’ அரபியிலிருந்து உருது வழி வந்தது. ஜெராக்ஸ் கடைக்குப் போதும்.

படியெடுக்கும் பழக்கமும் நமக்குப் புதிதில்லை. கொள்ளிடக்கரைத் திருமழபாடியில் முதலாம் ராஜராஜன் காலத்தில் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவானபோது, கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். ராஜேந்திரன் காலத்தில் அவற்றைத் திரும்பக் கல்லில் வெட்டினார்கள். அந்தச் செய்தியே ஒரு கல்வெட்டாக அங்கே இருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் எழுத்தின் மேல் சிமெண்ட் பூசுகிறவர்கள் எல்லோரும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தானும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் விமானத்தில் வெட்டச் சொன்ன உத்தரவில் ‘அக்கன் குடுத்தனவும்’ (அக்கா கொடுத்தவையும்) என்று வருகிறது. வீட்டில் ‘குடு’ என்றே பேசி, பள்ளியில் ‘கொடு’ என்று திருத்தப்படும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். அப்புறம் அடுத்த வரியை அவர்களே தேடிப் படிப்பார்கள்.

மன்றங்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, தொல்லியல் துறையோ அறநிலையத் துறையோ, கோயில் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டுத் தாளை எடுங்கள். எழுத்து தெரிவதற்காகக் கல்லில் மாவோ சுண்ணாம்போ தடவ விடாதீர்கள். இன்னொன்று, படியின் பின்பக்கம் ஊர், கோயில், எந்தச் சுவர், நாள் இவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த அழைப்பிதழில் ‘மைப்படிப் பயிற்சி’ என்றே அச்சிடலாம். எடுத்த பொருள் மைப்படி, செய்யும் வேலை படியெடுத்தல், செய்கிறவர் படியெடுப்பவர்.