இளைப்பாறிய பின் நித்திரை ஏன் பின்னே போகிறது?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கச்சேரியில் முப்பது வருடங்களுக்கு மேல் எழுதுவினைஞராக இருந்தவர். 60 வயதில் இளைப்பாறி எட்டு மாதமாகிறது. ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது, நித்திரைதான் வருவதில்லை. இரவு 1 மணி வரை விழிப்பு. காலை 8.30க்கு எழுந்தால் தலை பாரம், இன்னதென்று சொல்லமுடியாத வெறுமை. சாத்திரியார் ஏழரைச் சனி என்கிறாராம்.

சனி பாவம். சூரியனை ஒருமுறை சுற்றவே அதற்கு 29 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்; கொக்குவிலில் ஒருவர் எப்போது படுக்கிறார் என்று பார்க்க அதற்கு ஏது நேரம்?

காரணம் மண்டைக்குள் இருக்கிறது. கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் சேர்ந்து உடலின் கடிகாரமாக இயங்குகின்றன. ஒரு பேக்கரியை நினைத்துக்கொள்ளுங்கள். போறணையிலிருந்து பாண் வந்துகொண்டே இருக்கிறது. தட்டுகள் நிறைந்ததும் போறணையை அணைக்கிறார்கள். பாண் தீர்ந்ததும் மறுபடி மூட்டுகிறார்கள். கலத்துக்குள் அந்தப் பாண், 'பெர்' என்ற புரதம். வேடிக்கை என்னவென்றால், இங்கே உள்ளே போய்ப் போறணையை அணைப்பது முதலாளி அல்ல, பாணேதான்! பெருகிய புரதம் கலக்கருவுக்குள் நுழைந்து தன்னை உண்டாக்கும் மரபணுவையே நிறுத்திவிடுகிறது. பிறகு அது சிதைந்து குறைய, மரபணு மீண்டும் விழிக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள். பழ ஈயில் இதைத் துப்பறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈக்கு எதற்குப் பணம் என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நல்லவேளை, அன்று அவர்கள் சொல் எடுபடவில்லை.

'ஏறத்தாழ' என்ற சொல்லில்தான் சங்கடம். 1999இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வின்படி, மனிதக் கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணித்தியாலமும் 11 நிமிடமும். இளைஞருக்கும் முதியவருக்கும் அதே அளவுதான். திருத்தாமல் விட்டால் ஒரு கிழமையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பின்தங்கிவிடும்.

திருத்துவது வெளிச்சம். விழித்திரையில் மெலனொப்சின் என்ற நிறமியுள்ள கலங்கள் சில உண்டு. உருவம் காட்டுவது அவற்றின் முதல் வேலையல்ல. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்று எண்ணி மூளைக்குச் சொல்வதே வேலை. பார்வை இழந்த சிலரிடம்கூட இவை இயங்குகின்றன. ஒரே வெளிச்சம் விடியலில் கடிகாரத்தை முன்னே தள்ளும், இரவில் பின்னே இழுக்கும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; விறாந்தையில் சில நூறு லக்ஸ்தான். முற்றத்தில் இறங்கினால் முகில் மூடிய நாளிலும் ஆயிரக்கணக்கில். கண் உடனே பழகிவிடுவதால் வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. வயதோடு கண்வில்லையும் மஞ்சளித்து, இக்கலங்கள் விரும்பும் நீல ஒளியைக் குறைக்கிறது.

ஐயா, காலை ஏழரைக்குச் சைக்கிளில் கச்சேரிக்குப் போனீர்களே, அந்த அரைமணி வெயில்தான் முப்பது வருடமாக உங்கள் கடிகாரத்தைத் திருத்தியது. சம்பளத்தோடு அதுவும் நின்றுவிட்டது. இப்போது பகலில் சாய்மனைக் கதிரை, இரவில் கைத்தொலைபேசி.

காலை 7 மணிக்கு எழுந்து சனசமூக நிலையத்துக்குப் போய்ப் பத்திரிகை படியுங்கள், சைக்கிளிலேயே. வெயிலும் படும், நாலு பேரோடு வாயும் திறக்கலாம். ஈரல் தன் நேரத்தைச் சாப்பாட்டிலிருந்து எடுப்பதால் புட்டையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வெறுமை முழுவதும் கடிகாரத்தின் குற்றமல்ல. முப்பது வருடம் உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருந்தவர்கள் இன்று இல்லை, அதற்கு வெயில் மருந்தாகாது. அது மாறாவிட்டால் வைத்தியரிடம் சொல்லத் தயங்கவேண்டாம்.

இந்த மருந்து எல்லாருக்கும் பொருந்தாது. என் அப்பா இரவு ஏழரைக்கே கதிரையில் உறங்கி, 3 மணிக்கு விழித்துக் கிணற்றடியில் வாளி உருட்டுபவர். அவருக்கு வேண்டியது மாலை வெளிச்சம். 5 மணிக்கு வெளியே போகச் சொன்னால், வானொலிச் செய்தி முடியட்டும் என்கிறார்.