தலைமைத்துவம் என்ற இரட்டை வால்

"தலைமைத்துவப் பாணியும் பணிக் கலாச்சாரமும் நிறுவனத்தின் செயல்திறனைப் பாதிக்கின்றன." மெய்ப்புப் பார்க்க வந்த, ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த ஒரு பயிற்சிக் கையேட்டின் முதல் வரி இது. இந்த மாதத்தில் எனக்கு வந்த மூன்றாவது தலைமைத்துவம்.

லீடர்ஷிப் என்பதில் உள்ள 'லீட்', 'போ' என்று பொருள்படும் பழைய வினையின் பிறவினை. போகச் செய்வது. 'ஷிப்' தன்மையைக் காட்டும் ஈறு. அவ்வளவுதான்.

தலைமையில் ஏற்கெனவே 'மை' இருக்கிறது. அதன்மேல் எதற்கு ஒரு வடமொழித் 'துவம்'? தனித்துவம், முதலாளித்துவம் சரி, அங்கே மை இல்லை. பொறுமைத்துவம், பெருமைத்துவம் என்று யாராவது சொல்கிறோமா? "அடிமைத்தனம் மட்டும் இருக்கலாமா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்விதான். அடிமை என்பது ஆளையும் குறிக்கும், அதனால் தன்மைக்குத் தனி ஈறு தேவைப்பட்டது. "கட்சித் தலைமை முடிவெடுக்கும்" என்னும்போது தலைமையும் ஆட்களைத்தானே குறிக்கிறது என்றார். ஒப்புக்கொள்கிறேன். அதற்குத்தான் தலைமைப்பண்பு என்ற சொல் இருக்கிறதே! இலங்கையிலும் மலேசியாவிலும் தலைமைத்துவம் வேரூன்றிவிட்டது. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. இங்கே அதை நட்டு நீரூற்றுபவர்களோடுதான் வழக்கு.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. தலை என்றாலே மேலே இருப்பது. லீட் என்பதில் மேல், கீழ் இல்லை, நடை இருக்கிறது. நட, நடத்து: நம்மிடமும் அதே பிறவினை. கடை நடத்துகிறார், ஆட்களை நன்றாக நடத்துகிறார். தொழிலை ஓட்டுவதற்கும் மனிதர்களை மதிப்பதற்கும் தமிழ் ஒரே வினையை வைத்திருக்கிறது. "அப்போது தலைவர்களெல்லாம் பஸ் நடத்துநர்களா?" என்று கேட்பீர்கள். அவர் விசில் அடித்தால்தானே வண்டி நகர்கிறது!

நடத்தும் விதத்துக்கு ஓர் உதாரணம். கலிபோர்னியாவில் ஃபிரிமான்ட் கார் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடியது. வேலைக்கு வராதவர்களுக்கும் குறையுள்ள கார்களுக்கும் அது பெயர்போனது. 1984இல் டொயோட்டாவுடன் சேர்ந்து மறுபடி திறந்தார்கள். ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்களே, தொழிற்சங்கமும் அதே. ஆனால் இப்போது பழுதைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். கார்களின் தரம் சீக்கிரமே ஜப்பான் ஆலைகளுக்கு இணையாக வந்துவிட்டது. மாறியது தலை மட்டுமல்ல, நடத்திய விதம். பணிக் கலாச்சாரம் என்று கையேடு சொல்வதும் இதைத்தான். அதற்கு 'பணியிட நடைமுறை' போதும்.

அப்புறம் அந்தப் 'பாதிக்கின்றன'. பாதிப்பு என்றால் தமிழில் கெடுதல். நல்ல தலைவர் வந்தாலும் நிறுவனம் பாதிக்கப்படுமா? அகராதியில் முதலில் கண்ணில்பட்டதை எடுத்து வைக்கும் மொழிபெயர்ப்பாளர்களை என்ன சொல்ல!

"ஆட்களை நடத்தும் விதத்தைப் பொறுத்தே நிறுவனம் நடக்கும்" என்று திருத்தி அனுப்பினேன். 'தலைமைத்துவம் விடுபட்டுள்ளது, சேர்க்கவும்' என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது.